கூடு காக்கும் மீன்களுக்காகக் கை தூக்கியவர்

மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்து, அக்கா ஹில்காவின் கம்பளித் தொப்பியை மடியில் வைத்திருக்கும் சகோதரி சிர்கா ரண்டாலா அவர்களே! என் இடப்பக்கம் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் நம் கழகத் துணைத் தலைவர், ஏரிக்கரை விடுதியின் உரிமையாளர் லோர்ன் பீபிள்ஸ் அவர்களே! பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் இந்தக் கர்லிங் கூடத்தின் இடப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்ட வால்ஐ மீன்காரர்களே! வலப்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பாஸ் மீன்காரர்களே! இரங்கல் கூட்டத்தில்கூட நீங்கள் கலந்து உட்காரவில்லை என்பதைக் கவனிக்கிறேன். காப்பிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் மட்டும் வந்தவர்கள் பின்வரிசையில் இருப்பீர்கள். உங்களுக்கும் வணக்கம். ஹில்கா இருந்திருந்தால் உங்களைத்தான் முதலில் வரவேற்றிருப்பார்.

பேடில் ஏரித் தூண்டில் கழகத்தின் மூத்த வழிகாட்டி, முப்பத்தொரு குளிர்காலம் இந்த ஊரின் பனி அகற்றும் வண்டியை ஓட்டியவர், சிறுவாய் பாஸ் மீனைப் பற்றி அவரிடம் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எதிரிகளும் ஒப்புக்கொண்ட அம்மையார் ஹில்கா ரண்டாலா அவர்கள், சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தம் எழுபத்து நான்காம் வயதில், இரண்டாவது கோப்பை காப்பியைக் குடித்துவிட்டு, ஏரியைப் பார்த்த ஜன்னலோர நாற்காலியிலேயே கண்மூடினார். கோப்பை காலியாக இருந்தது என்று சிர்கா என்னிடம் சொன்னார். அரைக் கோப்பையில் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது?

அழ வந்தவர்கள் அழலாம், தடையில்லை. நானும் செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு, தூண்டில் முள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதவன்தான். ஆனால் நண்பர்களே, ஒரு மனுஷி தன் மனம்போல வாழ்ந்து, நினைத்ததையெல்லாம் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றே ஒன்றைத் தவிர! அது என்னவென்று இந்தக் கூடத்தில் தெரியாதவர் உண்டா? நம் ஜூன் மாத மீன்பிடிப் போட்டியை செப்டம்பருக்கு மாற்ற வேண்டும் என்று பதினோரு ஆண்டுகள் கேட்டார். பதினோரு ஆண்டுகளும் நாம் மறுத்தோம். மறுத்தவர்களில் முன்னால் நின்றவன் இந்த மெர்வின் ஆஸ்ட்மன், உங்கள் கழகத் தலைவன். அதைப் பற்றிப் பேசாமல் இன்று அவரைப் புகழ்ந்துவிட்டுப் போனால், சிர்கா அந்தத் தொப்பியாலேயே என்னை அடிப்பார்.

அவர் வழிகாட்டியாகத் தொழில் தொடங்கியபோது இந்த ஊரில் பாஸ் மீனுக்கு என்ன மரியாதை இருந்தது? தூண்டிலில் பாஸ் வந்தால் தலையில் அடித்துக்கொண்டு கழற்றி எறிந்தோம். வால்ஐ மீன்தான் மீன். பாஸ் என்றால் அழையா விருந்தாளி. என் தந்தை அவரிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"ஏம்மா ஹில்கா, வறுத்துத் திங்கவும் ருசி இல்லாத அந்த மீன் பின்னாடி ஏன் அலையுறே?"

"நீங்க திங்கிறதுக்காகப் பிடிக்கிறீங்க மாமா. நான் சண்டைக்காகப் பிடிக்கிறேன். உங்க வால்ஐ ஈரத் துணி மாதிரி வந்து சேரும். இவன் வந்து சேர மாட்டான், நாமதான் போய்க் கூப்பிடணும்!"



பனிக்கட்டி உருகி ஏரி திறக்கும் மே மாதத்தில், நாமெல்லாம் படகுத்துறையில் நின்று "மீன் எங்கே, மீன் எங்கே" என்று கேட்டுக்கொண்டிருப்போம். அவர் ஒரு கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருப்பார். "மீன் எங்கன்னு என்னைக் கேக்காத. தண்ணி எத்தனை டிகிரின்னு கேளு. மீன் அதுக்குத்தான் பதில் சொல்லும்." பத்து டிகிரி என்றால் வடக்குக் குடாவின் வாசலுக்குப் போவார். அங்கே அடிமண் கறுப்பு. வெயில் பட்டால் முதலில் சூடாகும் இடம். சிறிய ஈயத் தலையில் மயிர் கட்டிய தூண்டிலைப் போட்டு, இழுக்கிறாரா தூங்குகிறாரா என்று நமக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக நகர்த்துவார். குளிர்ந்த தண்ணீரில் மீனும் அவசரப்படாது என்பார். பக்கத்துப் படகில் நான் விசுக் விசுக்கென்று இழுத்துக்கொண்டிருப்பேன். அவர் கத்துவார்: "மெர்வின்! உன் தூண்டிலைப் புடிக்கணும்னா மீன் பஸ் ஏறித்தான் வரணும்!"

கோடையில் வேறு ஹில்கா! வின்னிபெக்கிலிருந்து ஒரு பல் மருத்துவர் வருவார், உங்களில் பலருக்குத் தெரியும். ஜூலை மாதத்துக் காலை, காற்றே இல்லாத நேரம், தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் மேல்தண்ணீரில் மிதக்கும் மரத் தூண்டிலைப் பாறை ஓரத்தில் போட வேண்டும். போட்டதும் அசைக்கக் கூடாது. விழுந்த இடத்து வளையமெல்லாம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மருத்துவரால் முடியுமா? நாற்பது வருடம் அடுத்தவர் வாயை அவசரமாகத் திறக்கச் சொன்னவர் அவர்! போட்டதும் இழுப்பார், போட்டதும் இழுப்பார். இரண்டு மணி நேரத்தில் ஒரு மீன் இல்லை. கடைசியில் ஹில்கா மதிய உணவுப் பெட்டியிலிருந்து வெண்ணெய் டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"டாக்டர், தூண்டிலைப் போடுங்க. போட்டுட்டு இதைத் தின்னுங்க. தின்னு முடிக்கிற வரைக்கும் கோலைத் தொடக்கூடாது."

"முழுசாவா?"

"உதிர்ந்த தூளைக்கூட விடக்கூடாது."

மருத்துவர் தின்று முடித்து, விரலை நக்கி, கோலைச் சற்றே அசைத்தார். தண்ணீர் வெடித்தது! அன்று அவர் ஐந்து டார்ட் தின்று நான்கு மீன் பிடித்தார். ஊருக்குத் திரும்பியதும் சர்க்கரை பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரும் சிரித்தபடிதான் இருந்தார், நம்மிடம் தோற்ற பதினோரு மார்ச் மாதங்களிலும்கூட!

இப்போது அந்தப் போட்டிக்கு வருகிறேன். ஜூன் மூன்றாம் வாரம், தந்தையர் தினத்தை ஒட்டிய சனிக்கிழமை. நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். அறுபது படகுகள். பிடித்த மீனைப் படகுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, நாள் முழுக்கச் சுமந்து, மாலையில் ஊர்ப் படகுத்துறைக்குக் கொண்டுவந்து எடை போட்டு, கைதட்டி, அங்கேயே விட்டுவிடுவோம். ஒரு மீனும் சாகவில்லை என்று மார்தட்டிக்கொள்வோம். ஹில்கா ஒரு வருடம்கூட அதில் கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, இதை செப்டம்பருக்கு மாற்றுங்கள் என்பார். முதல் வருடம் அவர் கை ஒன்றுதான் உயர்ந்திருந்தது. அடுத்த வருடம் மூன்று. அப்புறம் ஏழு. பிடிவாதம் என்றால் அதுவல்லவா பிடிவாதம்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது? இதே கூடம். ஆதரவாக இருபத்து மூன்று கைகள். எதிராக இருபத்து மூன்று கைகள். கழக விதிப்படி தலைவருக்கு ஓட்டுக் கிடையாது. இருபக்கமும் சமமானால் மட்டும் அவர் ஒரு ஓட்டுப் போடலாம். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். ஹில்கா மட்டும் பார்க்கவில்லை. கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார், ஏனென்றால் என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். நான் எதிராகப் போட்டேன். ஊர் வியாபாரம், விடுதி அறைகள், வழிவழியாக வந்த பழக்கம் என்று ஏதேதோ காரணம் சொன்னேன்.

மறுநாள் காலை என் கடை மணி அடித்தது. ஹில்கா! என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். என்னை 'டா' போட்டுக் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள்.

"என்னடா, ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேனே. நீ?"

"நல்லாத் தூங்கினேன். எனக்கென்ன, நான் சரியாத்தானே ஓட்டுப் போட்டேன். ஜூன் பத்தாம் தேதி ஏதும் வேலை வெச்சுக்காத. என் படகுல வா."

மறுக்க முடியவில்லை, போனேன். தண்ணீர் பதினாறு டிகிரி. தெற்குத் தீவின் பின்புறம், இடுப்பளவு ஆழம், வெயில் நேராக இறங்கி அடித்தரை தெரிகிறது. ஒரு பெரிய பாறையின் அருகே, சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டம். வாலாலேயே பெருக்கிச் சுத்தம் செய்த கூழாங்கல். அதன்மேல் ஒரு பாஸ் மீன் அசையாமல் நிற்கிறது.

"முட்டை இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்கு. போட்டுட்டு அம்மாக்காரி அன்னிக்கே போயிட்டா. காவல் நிக்கிறது அப்பன். சோறு தண்ணி இல்லாம நிக்கிறான். ம், போடு தூண்டிலை."

போட்டேன். முதல் வீச்சிலேயே பாய்ந்து கடித்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும்! நான் குதிக்காத குறைதான்.

"பசிக்குக் கடிக்கலடா அவன். புள்ளைங்க பக்கத்துல எதுவும் வரக்கூடாதுன்னு கடிக்கிறான். இப்ப அவனைத் தொட்டியில போடு. போட்டி அன்னிக்கு என்ன பண்ணுவியோ அதையே பண்ணு. பண்ணிட்டு, இங்க குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாறை நிழலிலிருந்து விரல் நீளப் பெர்ச் மீன் ஒன்று வந்தது. அப்புறம் நான்கு. அப்புறம் எண்ண முடியவில்லை. ஹில்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நான்கு நிமிடம். நான்கே நிமிடத்தில் அந்தக் கற்களைக் கழுவிவைத்த மாதிரி ஆக்கிவிட்டுப் போய்விட்டன. "விடு அவனை" என்றார். விட்டேன். அந்த மீன் நேராக அதே வட்டத்துக்குப் போனது. இரண்டு முறை சுற்றி வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆழத்துக்குப் போய்விட்டது.

காலியான தொட்டியின் மூடியைச் சாத்தினேன். ஹில்கா சொன்னார்.

"பத்து நிமிஷம்கூடத் தொட்டியில இல்ல, அதுக்கே இந்தக் கதி. நீங்க காலைல புடிச்சுச் சாயங்காலம் வரைக்கும் சுமந்துட்டுப் போய், பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி விடுறீங்க. அதுவும் எந்த நாள்ல? தந்தையர் தினத்துல! அப்பனைத் தூக்கிட்டுப் போய் எடை போட்டு, உங்க புள்ளைங்களை விட்டுக் கைதட்டச் சொல்றீங்க."

அந்தப் பாடத்துக்காக ஒரு கூட்டைப் பலி கொடுத்தது அவருக்கும் உறுத்தியது. "என் ஆயுசுல வேணும்னே பண்ணினது இது ஒண்ணுதான். அதுவும் உன் ஒருத்தன் மண்டைக்காக" என்று திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லையே! பத்து நாளில் போட்டி வந்தது. நான் தலைவன், விசில் ஊதித் தொடங்கிவைத்தேன். அந்த வருடக் கோப்பையும் நானே வாங்கினேன். ஏழாவது கோப்பை!

செப்டம்பரில் மறுபடி கூப்பிட்டார். இலை மஞ்சளாகி, தண்ணீர் குளிரத் தொடங்கும் நேரம். பாஸ் மீன்கள் கரையைக் கைவிட்டு, ஆழத்துப் பாறைத் திட்டுகளின் விளிம்பில் கூட்டமாகச் சேரும் காலம். கோடையில் கல்லிடுக்கு இறாலைத் தின்று திரிந்தவை, இப்போது குளிர்காலத்துக்காகக் கொழுத்த பொடிமீன்களைத் தேடும். உயிருள்ள பொடிமீனை முள்ளில் கோத்து எட்டு மீட்டருக்கு இறக்கினார். மீன் காட்டும் கருவியின் திரையில் இன்னும் ஆழத்தில் மீன் தெரிகிறதே, அங்கே போடலாமா என்றேன்.

"ஒம்போது மீட்டருக்குக் கீழ தூண்டிலை விடாத. அங்கிருந்து இழுத்தா அதுங்க வயித்துல இருக்கிற காத்துப் பை ஊதிப்போயிடும். திரும்ப விட்டாலும் இறங்க முடியாது, மல்லாந்துதான் கிடக்கும். மேல வர்றதுக்குச் சம்மதிக்கிறவனை மட்டும் புடி."

காலை எட்டு முதல் மதியம் வரை. அவர் பதினொன்று பிடித்தார். நான்? பூஜ்யம்! கடி விழுவதே தெரியவில்லை. அந்த மீன் இரையைக் கவ்வும்போது தூண்டில் நரம்பில் ஓர் ஈர இலை ஒட்டியது போலக் கொஞ்சம் கனம் கூடும், அவ்வளவுதான். எனக்கு அது பிடிபடவே இல்லை.

ஹில்கா கோலைக் கீழே வைத்தார்.

"மெர்வின், உண்மையைச் சொல்லு. போட்டியை ஏன் மாத்த மாட்டேங்கிறே?"

"விடுதி வியாபாரம் இருக்கு இல்ல. லோர்ன் பாவம்..."

"லோர்னை விடு. செப்டம்பர்ல வேட்டை நாய் வெச்சிருக்கிறவன் எல்லாம் அவன் விடுதியிலதான் தங்குறான், அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. நீ சொல்லு."

நண்பர்களே, அறுபது ஆண்டுப் பழக்கத்தில் அன்றுதான் அவரிடம் முழு உண்மையைச் சொன்னேன். "செப்டம்பர்ல வெச்சா நான் ஜெயிக்க மாட்டேன், ஹில்கா."

அவர் சிரித்தார் பாருங்கள்! படகு ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காடா? இதுக்காடா இத்தனை வருஷம்?" என்று மறுபடி சிரித்தார். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பில் துளி விஷம் இல்லை. ஒரு டார்ட்டை எடுத்துப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு மார்ச் கூட்டத்தில் அவர் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரவில்லை. நீங்கள் எல்லோரும் முழங்கால் வலி என்று நினைத்தீர்கள். நான் வாசலில் நிறுத்திக் கேட்டேன். "நான் பதினோரு தடவை கொண்டாந்தாச்சு. இனி உன் முறை" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை! அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருந்தேன். ஏரி எங்கே போகிறது, ஹில்கா எங்கே போகிறார் என்று இருந்துவிட்டேன்.

என் கடைச் சுவரில் ஏழு கோப்பைகள் இருப்பதை வாடிக்கையாளர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எதற்காகக் கிடைத்தவை அவை? வீட்டைவிட்டு நகர மறுத்த ஏழு அப்பன்களை வென்றதற்காக! என்னை ஏமாற்றவே தெரியாத மீனை ஏமாற்றியதற்காக! அதைத் திறமை என்று நாற்பத்திரண்டு வருடம் நம்பினோமே, நம்மைவிடப் பெரிய அப்பாவிகள் இந்த வடக்கில் உண்டா?

அம்மையார் ஹில்கா ரண்டாலா அவர்களுக்குச் சிலை வேண்டாம். படகுத்துறைக்கு அவர் பெயர் வைக்கலாம் என்று ஊராட்சியில் பேசுகிறார்கள், வைக்கட்டும். ஆனால் அவர் கேட்டது பெயரையா? இன்னும் மூன்று வாரத்தில் ஆண்டுக் கூட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரும் மனம் மாறவில்லை என்றால், எதிராக இருபத்து மூன்று கைகள். ஆதரவாக இருபத்து இரண்டு. ஒரு கை குறைகிறது. அந்தக் கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? சமமாகாததால் தலைவனாகிய நானும் ஓட்டுப் போட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, இந்தச் சபையின் முன்னிலையில் தலைவர் பதவியிலிருந்து இந்த நிமிடமே விலகுகிறேன். இனி நான் சாதாரண உறுப்பினன். எனக்கும் ஒரு கை உண்டு, அதைத் தூக்கும் உரிமையும் உண்டு. தீர்மானத்தை நானே கொண்டுவருவேன், என் முறை என்று அவர் சொல்லிவிட்டாரே!

விதிப்படி அடுத்த தலைவர் துணைத் தலைவர்தான். லோர்ன், நீ எதிராகத்தான் கை தூக்கினாய், எனக்குத் தெரியும். தலைவரான பிறகு உன் கை கீழேயே இருக்கும். அப்புறம் என் கையோடு சேர்த்து ஆதரவாக இருபத்து மூன்று, எதிராக இருபத்து இரண்டு! முறைக்காதே, எழுந்து வந்து இந்த நாற்காலியில் உட்கார். உனக்கு ஒரு குறையும் வராது என்று உன் சார்பில் ஹில்காவே சொல்லியிருக்கிறார்.

வால்ஐ மீன்காரர்களே, பாஸ் மீன்காரர்களே, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த செப்டம்பர் முதல் நம் போட்டி அவர் கேட்ட காலத்தில், அவர் சொன்ன ஆழத்தில் நடக்கும். அதில் முதல் ஆளாக நான் கலந்துகொள்வேன். அநேகமாக ஒரு மீனும் பிடிக்க மாட்டேன். நீங்கள் எல்லோரும் படகுத்துறையில் நின்று சிரிக்கலாம். ஜூன் மூன்றாம் வாரம் மட்டும் தெற்குத் தீவின் பக்கம் யாரும் போகாதீர்கள். அன்று தந்தையர் தினம். அப்பாக்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.